நள்ளிரவில் தமிழில் பேச ஒருவர்

இத்தாலியின் பலெர்மோ நகரில் மனநல சிகிச்சைக்குக் கதவு மூடியிருக்கவில்லை. இந்நாட்டின் 1978-ஆம் ஆண்டின் 180-ஆம் சட்டம் மனநோய் விடுதிகளுக்கு முடிவு கட்டி, வட்டார மனநல மையங்களுக்கும் பொது மருத்துவமனைகளில் சிறு பிரிவுகளுக்கும் வழிவிட்டது. இங்குள்ள தமிழர்களுக்குக் குறுக்கே நிற்பது மொழி. அம்மா "உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை" என்கிறார். அதை மருத்துவரிடம் இத்தாலிய மொழியில் சொல்ல வேண்டியவள் பள்ளிக்கூடம் போகும் மகள். இந்தச் சுமையை எந்தப் பிள்ளையின் தலையிலும் ஏற்றக் கூடாது. முதியோரைப் பராமரிக்க வேற்றார் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்களுக்கோ, மொழிபெயர்க்கப் பக்கத்தில் பிள்ளைகூட இல்லை.

இலங்கையில் 1974-இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ அமைப்பும், சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பும், பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவருகின்றன. அந்த அனுபவம் நமக்கும் உதவும்.

இரவிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தப் பணம் வேண்டும்; அதற்கு வழி உண்டு. இத்தாலியில் வருமான வரியில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கைத் தகுதி பெற்ற தொண்டு அமைப்புக்கு ஒதுக்கும்படி வரிப் படிவத்திலேயே குறிப்பிடலாம். கூடுதலாக ஒரு சதமும் செலவில்லை. கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் மனமுவந்து கொடுக்கும் சமூகம் இது. மனநோய் என்றால்தான் வாய் திறக்கத் தயங்குகிறோம்.

பலெர்மோவின் பெல்லெக்ரினோ மலையில் புனித ரொசாலியாவை வணங்க மதபேதமின்றி ஏறுகிறோம். அதே ஒற்றுமையோடு நம் தமிழ்ச் சங்கங்கள் ஒன்றுகூடி, பொதுக் கணக்கொன்றைத் திறந்து, இரவுநேரத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருவரின் சம்பளத்தை முதலில் திரட்டட்டும்.