ஹெரால்டு காரும் "ஒரிஜினல்" மோகமும்

மத்திகிரியில் ஒருவர் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி ஓடவைக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்க ஆள் உண்டு. டிங்கரிங் வேலைக்கும் ஆள் உண்டு. மனிதருக்குத் தூக்கம் கெடுவது ஸ்பேர் பார்ட்ஸ் விஷயத்தில்தான். வடக்கே எல்லை தாண்டினால் பெங்களூரு ஜே.சி.ரோடு, கிழக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போனால் சென்னைப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் காதில் விழும் வசனம் ஒன்றுதான்: "ஒரிஜினல் சார், கம்பெனி டப்பா!"

இந்த "ஒரிஜினல்" என்ற சொல்லை நம்பித்தான் பழைய கார் பிரியர்கள் நிறையப் பணத்தைத் தொலைக்கிறார்கள். அது உண்மையில் எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் வந்தது. இத்தாலியரான மிக்கலாட்டி வடிவமைத்தது. அதையே சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 948 சிசி இன்ஜினோடு தயாரித்தது. முன்பக்க பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்! பார்க்கச் சாதுவான குடும்பக் கார். ஆனால் இதன் சேஸிஸைத்தான் குட்டையாக்கி 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஹெரால்டின் முன்சக்கர அமைப்பை லோட்டஸ் நிறுவனமே தன் ஈலான் ஸ்போர்ட்ஸ் காருக்கு எடுத்துக்கொண்டது.

இந்த உறவால் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு ஒரு லாபம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. இன்றும் இங்கிலாந்தில் அதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. எனவே இரண்டுக்கும் பொதுவான பாகங்கள் அங்கே புதிதாகவே விற்கின்றன. பணம் கட்டினால் பார்சலில் வந்துவிடும். என்ன, பொருளின் விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, அதன்மேல் சுங்க வரி, இவை எல்லாவற்றின் மேலும் ஜிஎஸ்டி (2025 செப்டம்பர் முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம்) என்று கூட்டிக்கொண்டே போனால் கால்குலேட்டரே அழும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஸ்டாண்டர்டு கம்பெனி ஒரு காரில் இருக்கும் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. எந்தக் கார் கம்பெனியும் செய்வதில்லை. சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961-லும் பிரேக்ஸ் இந்தியா 1962-லும் தொடங்கப்பட்டதே இப்படிக் கார், லாரி கம்பெனிகளுக்கு எலெக்ட்ரிகல் சாமான், பிரேக் சாமான் செய்து கொடுக்கத்தான். செய்தவர் ஒருவர், டப்பாவில் பெயர் இன்னொருவருடையது. ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே வந்ததிலிருந்து, சுற்றியுள்ள சின்னச் சின்ன லேத் பட்டறைகளின் பிழைப்பே அதுதான். தன் கையால் கடைந்த சாமான் வேறு பெயரில் விற்கப்படுவதைப் பார்க்காத டர்னர் இங்கே அபூர்வம். ஆக "கம்பெனி டப்பா" என்பது தரத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்றதன் அடையாளம், அவ்வளவுதான். கம்பெனியே மூடிப்போன பிறகு டப்பா மட்டும் பொறுப்பேற்குமா?

இதில் உயிர் சம்பந்தப்பட்ட சங்கதியும் இருக்கிறது. 45 வருடமாகப் பிரிக்காத டப்பாவில் இருக்கும் பிரேக் ரப்பர் வாஷர் நூறு சதவீதம் ஒரிஜினல்தான். ஆனால் ரப்பர் அலமாரியில் சும்மா இருந்தாலும் இறுகும், வெடிப்பு விடும். அதைப் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? போன மாதம் செய்த தரமான "டூப்ளிகேட்" அங்கே ஒரிஜினலைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு உதாரணம், ட்ரன்னியன். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் தூண் போன்ற பாகம் கீழே ஒரு வெண்கலத் துண்டில் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டுதான் ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போது தூண் அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். இது தெரியாமல் கிரீஸ் அடித்தே பல கார்களில் மரை தேய்ந்து, துருவேறி, தூண் ஒடிந்து, சக்கரம் மடங்கிப் படுத்திருக்கிறது. பழைய காரிலிருந்து கழற்றி "ஒரிஜினல் மெட்ராஸ் தயாரிப்பு" என்று விற்கும் ட்ரன்னியனை வாங்குபவர், முந்தைய ஓனர் அதில் கிரீஸ் அடித்தாரா ஆயில் விட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? பழசாக இருப்பது ஆஷ்ட்ரேக்கு அழகு, ட்ரன்னியனுக்கு அல்ல.

"அப்படியென்றால் காரின் பாரம்பரியம் போய்விடுமே" என்பார்கள். சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 50 வயது தாண்டிய வண்டிகளை "விஏ" என்ற தனி எண் வரிசையில் பதிய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. பழைய வடிவம் மாறக்கூடாது என்கிறது அந்த விதி. மாற்றம் என்று அது பெயர் சொல்வது சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைத்தான். மாருதி இன்ஜினைத் தூக்கி ஹெரால்டில் வைப்பவர்கள் கவலைப்படட்டும். புது வாஷர் போட்டவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

உண்மையான மோசடி புதிதாகச் செய்வதில் இல்லை. புதிதாகச் செய்ததைப் பழைய டப்பா அச்சடித்துப் போட்டு விற்பதில் இருக்கிறது. செய்தவர் தன் பெயரையும் வருடத்தையும் பாகத்தின் மேலேயே பொறித்து விற்றால் வாங்குபவருக்கும் தெரியும், நாளைக்கு அந்தக் காரை வாங்கப்போகிறவருக்கும் தெரியும். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் முழு பாடியையும் பழைய அச்சுகளிலேயே புதிதாக அடித்து விற்கிறது, தன் பெயரிலேயே. யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை.

நம் பக்கம் நடந்தது நேர்எதிர். ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ரோவர் எஸ்டி1 காரை "ஸ்டாண்டர்டு 2000" என்று கொண்டுவந்து, 1988-ல் நிறுத்திவிட்டது. மிச்சம் கிடந்த எஸ்டி1 பாகங்களை 2006-ல் இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரி பாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். நம் குடோனில் தூங்கிய சரக்கின் மதிப்பு ஐயாயிரம் மைல் தள்ளி இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

ஓசூர், மத்திகிரி பட்டறைகளால் ட்ரன்னியன் கடைய முடியாதா? இதைவிட நுணுக்கமான வேலைகள் தினமும் நடக்கின்றன. பிரச்சினை ஆர்டர் அளவில்தான். ஒரு கணக்குக்காகச் சொன்னால், செட்டிங், டூல், முதல் பீஸ் பரிசோதனை எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய், அதன் பிறகு பீஸுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தனியாக ஒரு ஜோடி கேட்டால் 21,000 ஆகும். 40 பேர் சேர்ந்து கேட்டால் ஜோடி 1,500-க்கு முடிந்துவிடும். (இடது, வலது இரண்டுக்கும் மரை எதிரெதிர் திசை என்பதை மட்டும் பட்டறையில் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.) பி.காம் முதல் வருடக் கணக்கு இது. ஆனால் ஹெரால்டு ஓனர்கள் ஆளுக்கொரு டப்பாவைத் தேடித் தனித்தனியாக அலைகிறார்கள். கிடைத்தால் அடுத்தவருக்குச் சொல்வதும் இல்லை.

இங்கிலாந்துப் பார்சலும் எல்லாவற்றுக்கும் கைகொடுக்காது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்தது. அதன் பின்கதவு அங்கே எந்தக் கடையிலும் இருக்காது. 1972 முதல் 1977 வரை வந்த ஸ்டாண்டர்டு கெஸலிலோ பின் ஆக்ஸிலையே மாற்றி, முழு ஆக்ஸிலாகப் போட்டார்கள். அதற்கும் லண்டனில் பதில் கிடையாது. கடைசியாக வந்த கெஸல்களுக்கும் 2027-ல் 50 வயது ஆகிறது. ஓடுகிற நிலையில் இருக்கும் ஒன்றைக் கழற்றி, அளவெடுத்து, ஒரு செட் டிராயிங் போட்டு வைக்க இதைவிட நல்ல நேரம் வராது. அளவெடுக்கத் தெரிந்தவர்கள் சிப்காட்டில் மூன்று ஷிப்டிலும் இருக்கிறார்கள்.