கொப்பி நிறைந்தது, நெஞ்சு நிறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தைக் காலி வீதியிலே சற்று நின்று பாருங்கள். புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் ஒரு ரியூற்றரியிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்துகொண்டிருப்பர். கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். இவ்வளவு ஓடியும் வகுப்பறையிலே இவர்கள் வாய் திறவாதது ஏன்? ஆசிரியத் தொழில் பூண்ட நம்மை நெடுநாள் வருத்திய வினா இது.

சென்ற தவணையில், முந்திய வாரம் படிப்பித்த பாடத்திலிருந்து ஒரு சிறு கேள்வி கேட்டோம். வகுப்பு முழுவதும் மௌனம். சினம் மேலிட, முன்வாங்கில் இருந்த மாணவனின் கொப்பியை வாங்கிப் புரட்டினோம். முத்துப்போன்ற எழுத்து, தலைப்புகளின் கீழே சிவப்புக் கோடு, நாம் கேட்ட விடையும் அங்கேயே இருந்தது!

"இதனை எழுதியவன் நீதானே?" என்றோம்.

"ஓம், சேர். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்."

அவன் குறும்பாகச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் நம்மைச் சுட்டது. சொன்னவர் நாம், எழுதியது அவன் கை, இடையிலே சிந்தித்தவர் யார்?

அமெரிக்க உளவியலறிஞரான ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006 ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவரில் ஒரு சாரார் ஒரு பாடப்பகுதியை நான்கு தவணைகளிலும் வாசித்தனர். மற்றொரு சாரார் ஒரு தவணை வாசித்தபின், மூன்று தவணைகளில் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர் நூற்றுக்கு 83 வீதத்தையும், எழுதியவர் 71 வீதத்தையும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதிக்கப்பட்டோரிலோ வாசித்தவர் 40 வீதம். எழுதியவர் 61 வீதம்! தமக்கு நன்றாக நினைவிருக்கும் என மிகுதியாக நம்பியிருந்தவரும் வாசித்துக்கொண்டே இருந்தவர்தாம். பரீட்சைக்கு முதல்நாட் படிப்பு ஏமாற்றும் வழி இதுவேயன்றோ?

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. அன்று பாடசாலை வாயிலில் நீங்கிய கட்டணத்தை இன்று பெற்றார் ரியூற்றரி வாயிலிலே செலுத்துகின்றனர். பிள்ளையோ பணத்தினும் அரியதொன்றைச் செலுத்துகின்றது. அது தனித்திருந்து எண்ணிப் பார்க்கும் நேரம். ஓடிக் களைத்த பிள்ளையைச் சோம்பேறி என ஏசுவதில் நீதி இல்லை.

இப்பொழுது நம் வகுப்பிலே, பாடம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பாகக் கொப்பிகளை மூடச் சொல்கின்றோம். நினைவில் நிற்பதைத் தாமாகவே எழுதவேண்டும். முதல்நாள் அம்மாணவன் நான்கு வரி எழுதினான். எழுத்துக் கோணல், ஒரு வரி பிழை. எனினும் நான்கும் அவனுடைய சொந்த வரிகள். அந்தப் பிழையிலிருந்தே மறுநாட் பாடத்தைத் தொடங்கினோம்.

பெற்றாரே, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதையேனும் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். "எத்தனை பக்கம் எழுதினாய்?" என வினவாது, "இன்று படித்ததை எனக்குச் சொல், பார்ப்போம்" என்று கேளுங்கள்.