எண்ணுவதா, எடை போடுவதா?

பீடி சுற்றும் தாய்க்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் இலை கிழிசல், தூள் குறைவு என்று கழித்துத் தள்ளிவிட்டுத்தான் காசு தருகிறான் ஒப்பந்தக்காரன். பல்கலைக்கழகத்திலே நூலக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரையும் அப்படி உருப்படிக் கணக்கில் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கழிசல் கழிக்கப்படுகிறது; இங்கே கழிசலும் கணக்கில் ஏறுகிறது!

கற்பனையல்ல, கணக்கே சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களுக்குப் புள்ளி முறையைப் புகுத்தியது. 2018இல் வகுத்த விதியிலே, நூலகத் துறைக்குக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியராக 7 வெளியீடுகள், பேராசிரியராக 10 வெளியீடுகள்! 2010இல் புகுந்த புள்ளி முறையின் விளைவு என்ன? காசு கொடுத்தால் கட்டுரை போடும் கடைகள் காளானாய் முளைத்தன. 2018 மே மாதத்தில் அதே குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கள்வனைத் தேடிய கதை இது. பின்னர் ‘கேர்’ என்றொரு பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? அளவுகோல் செய்த கொல்லனையே அளவுகோலால் அடிக்கிறார்கள்! ஏட்டையும் எழுத்தையும் கணக்கியலால் ஆராயலாம் என்று 1948இல் ‘லைப்ரமெட்ரி’ எனப் பெயர் சூட்டியவர் தஞ்சைத் தரணியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். போலி இதழ்களைப் பட்டியல் போட்டு உலகுக்குக் காட்டியவர் அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல். கணக்கின் குற்றம் குறை அறிந்த துறை இது. அந்தத் துறையின் ஆசிரியரையே தலை எண்ணும் கணக்கில் நிறுத்துவது நீதியா?

“எழுதாத ஆசிரியருக்கு வக்காலத்தா?” என்று கேட்பார்கள். இல்லை! எழுதட்டும், நிறையவே எழுதட்டும். ரங்கநாதன் எழுதவில்லையா? 1931இல் நூலக விதிகளைப் பற்றி எழுதினார். 1933இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். அவை புள்ளிக்காகப் பிறந்தவை அல்ல. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில், அலமாரிக்கும் படிப்பவனுக்கும் நடுவே நின்று உழைத்த உழைப்பிலே பிறந்தவை. அதனால்தான் வாழ்கின்றன.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர், தோழர்களே! விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. குடிசைக்கு வாடகை தருபவன் பணமும் அதிலே கலந்திருக்கிறது. கிளை நூலகத்திலே தேர்வுக்குப் படிக்கிறானே தொழிலாளி மகன், அவனுக்கு வேண்டிய நூலை எடுத்துத் தரும் நூலகரை உருவாக்குபவர் அந்த ஆசிரியர். அவர் பாடத்தை விட்டுவிட்டுப் புள்ளிக்கு ஓடினால், இழப்பு யாருக்கு? பேராசிரியருக்கு அல்ல, நம் பிள்ளைக்கு!

ஆகவே கேட்கிறோம். கட்டுரையை எண்ணாதீர், படித்துப் பாருங்கள். இதழின் பெயரை வைத்து ஆளை மதிப்பிடாதீர் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோ அறிக்கையில் அறிஞர் உலகம் கூறியதைக் கேளுங்கள். ஓர் ஊர் நூலகத்தைச் சீர்படுத்திய ஆசிரியரின் உழைப்பையும் ஆய்வென்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணுகிறவர்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்!