1.4 போதும்

வேடந்தாங்கலுக்குக் காமிராவோடு செல்லும் நண்பர்கள் பலரும் தங்கள் 100-400 ஜூம் லென்ஸுக்கு 2 மடங்கு டெலிகன்வர்ட்டரை வாங்கவே விழைகிறார்கள். 400 மி.மீ. என்பது 800 ஆகிவிடும் என்ற கணக்கு கவர்ச்சியானதுதான். ஆனால் அதற்கு ஒளியில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

1.4 மடங்குக் கருவி, வரும் ஒளியில் பாதியை எடுத்துக்கொள்கிறது. 2 மடங்குக் கருவியோ முக்கால் பங்கை. எஃப் 5.6 என்பது முன்னதில் 8 ஆகிறது, பின்னதில் 11. கூழைக்கடா கூடு திரும்பும் மாலை மங்கலில் அந்த 11ஐ நம்பி ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால், இறகின் நுட்பம் புள்ளிகளில் மறைந்துபோகும். லென்ஸின் குறைகளையும் கன்வர்ட்டர் சேர்த்தே பெரிதாக்குகிறது.

பொருத்தமும் பார்க்க வேண்டும். கேனன் ஆர்.எஃப். 100-500 லென்ஸில் கன்வர்ட்டரை மாட்டினால் ஜூம் வளையம் 300க்குக் கீழே இறங்காது. ஜூம் வாங்கியதன் பயனில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே, அதே நிறுவனத்தின் 1.4 போதும் என்பதே என் கட்சி. மேலும் நெருக்கம் வேண்டுமெனில், எடுத்த படத்தைக் கணினியில் வெட்டிக்கொள்ளலாம்.

அருகே போய்விடலாமே என்பாரும் உண்டு. கூடவே கூடாது. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். குஞ்சுகளை வெயிலும் காகமும் பார்த்துக்கொள்ளும். நாம் தள்ளி நிற்பதற்காகவே இந்தக் கருவி. அதற்கும் எட்டாத பறவை படத்தில் சிறிதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்; அதில் இழிவொன்றும் இல்லை.