பத்தாயிரம் வாட்ஸும் என் இருபது வாட்ஸும்

பதிவு கொஞ்சம் நீளம். பெல் அடித்த பிறகும் பாடத்தை விடாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வாட்ஸப் குழுவில் என் தங்கை மகன் ஒரு படம் போட்டிருக்கிறான். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், சிவப்பும் நீலமுமாக விளக்கு, அட்டைப்பெட்டியில் "10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு வரி: "மாமா, அந்தப் பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு இதை வாங்குங்க. உங்களோடது வெறும் இருபது வாட்ஸ்தானே?" அதற்குக் கைதட்டியவர்களில் நான்கு பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

மாப்பிள்ளை, அந்தப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படித்தாயா? எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் நூறு வாட்ஸைக்கூடத் தொடாது. நூறு வாங்கிப் பத்தாயிரம் கொடுக்கும் இயந்திரம் இருந்தால் நெய்வேலியை இன்றே இழுத்து மூடிவிடலாம்.

"கெப்பாசிட்டரில் சேமித்து வைத்துக் கண நேரத்துக்குக் கொடுக்கும் சார்" என்று கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுவான். சரி, கணக்குப் போடு. இரண்டு ஸ்பீக்கருக்கும் பங்கு பிரித்தால் ஒன்றுக்கு 5,000 வாட்ஸ். 4 ஓம் ஸ்பீக்கரில் அது பாய 141 வோல்ட் வேண்டும். அப்படி ஒரு மின்னழுத்தம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எங்கே இருக்கிறது? பி.எம்.பி.ஓ. என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. அச்சகத்தில் ஒரு சைபர் சேர்த்தால் சத்தம் பத்து மடங்கு கூடிவிட்டதாக அர்த்தம், அவ்வளவுதான்.

இது புதிய பித்தலாட்டமும் அல்ல. அமெரிக்காவில் இதே கூத்து நடந்துதான், ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இல் விதி கொண்டுவந்தது. வாட்ஸ் என்று விளம்பரம் செய்தால், இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது, எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் வரை, எவ்வளவு சிதைவோடு தொடர்ந்து கொடுக்கும் என்று சொல்லியாக வேண்டும்.

இப்போது என் "டப்பா"வுக்கு வருகிறேன். அதன் பெயர் என்.ஏ.டி. 3020. 1972இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். 1978இல் வந்த ஆம்பிளிஃபயர். வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன். வளைகுடாவிலிருந்து திரும்பிய நண்பர் விற்றபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நிறுவனம் சொன்னது சேனலுக்கு 20 வாட்ஸ்தான். ஆனால் மிருதங்கத்தில் ஒரு தீர்மானம் விழும்போது, அந்த நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்கும். நாற்பது என்று போட்டிருக்கலாம். போடவில்லை. இருப்பதைக் குறைத்துச் சொன்னவனையும் இல்லாததைக் கூட்டிச் சொல்கிறவனையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே!

இருபது போதுமா? 1 வாட்டுக்கு, 1 மீட்டரில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுத்தால் 103 டெசிபல். நம் வீட்டு ஹாலில் அந்தச் சத்தத்தில் மனிதன் உட்கார முடியாது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட்ஸ் போதும்.

பின்பக்கம் "சாஃப்ட் கிளிப்பிங்" என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அளவுக்கு மீறித் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அந்தக் கரகரப்புதான் ட்வீட்டரைப் பொசுக்குவது. இந்த ஸ்விட்ச் வெட்டை மழுக்கிவிடுகிறது. இசைத்தட்டுக்குத் தனி ஃபோனோ இன்புட் உள்ளேயே இருக்கிறது. ஒலி எப்படி என்றால், குரல் முன்னால் வந்து நிற்கும். சுசீலாம்மா பாடும்போது மூச்சு எடுப்பது கேட்கும். தம்புரா பின்னால் தனியாக நிற்கும். உன் கோபுரத்தில் டம் டம் என்று ஜன்னல்தான் அதிர்கிறது. பாடுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

இதற்காகப் பழையது எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. "விண்டேஜ்" என்று சொல்லி விலையை மூன்று மடங்காக்கும் வியாபாரியும் அந்தப் பி.எம்.பி.ஓ.காரனின் பங்காளிதான். நாற்பது வருடத்தில் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், வால்யூம் திருகும்போது கரகரக்கும், சால்டர் விட்டிருக்கும். வாங்கும் முன் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. வோல்ட் பாருங்கள். சைபரை ஒட்டிச் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் போய்விடும். பின்னால் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் இணைக்கும் வளைந்த உலோகத் துண்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை தொலைந்தாலே சத்தம் வராது. நல்ல பெட்டியைச் செத்தது என்பார்கள்.

ஆனால் இந்தக் கோளாறு எல்லாம் சரிசெய்யக் கூடியவை. ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கெப்பாசிட்டர் கிடைக்கும். கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் காலமானார். அவருடைய ஆம்பிளிஃபயரை மகன் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, தவணையில் ஒரு கோபுரம் வாங்கினான். ஒன்றரை வருடத்தில் ஊமையாகிவிட்டது. "போர்டு போச்சு, போர்டு வராது" என்றார்கள். தவணை மட்டும் இன்னும் போகிறது. அப்பா ஆயுள் முழுக்கப் பாட்டுக் கேட்ட பெட்டி இரும்பாய்ப் போயிற்று. அந்தப் பையனும் என் மாணவன்தான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. எண்ணைக் காட்டி ஏமாற்றியவன்மேல்தான் கோபம்.

ஆகவே வீட்டுப்பாடம். ஒன்று, பரணில் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப் போன ஆம்பிளிஃபயர் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இரண்டு, புதியதே வாங்குவதானாலும் கடைக்காரரிடம் "ஆர்.எம்.எஸ். எத்தனை, எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளை, அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து இங்கேயே கமெண்ட்டில் போடு. காத்திருக்கிறேன்.