கைதட்டினால் கிருமி ஓடுமா?

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்காக நாடே கைதட்டியது. அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனா பாதுகாப்புக் கவசங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக் கிடைத்த இடம் என்ன? 'குறைந்த ஆபத்து'ப் பிரிவு! மூன்றடுக்கு முகக்கவசமும் கையுறையும் போதுமாம். நோயாளியை மருத்துவமனைக்குள் சேர்க்க ஓட்டுநர் உதவுவார் என்பதையும் அதே அட்டவணைதான் சொன்னது!

மூச்சுத்திணறுபவரைத் தூக்கும்போது அவருடைய மூச்சுக்காற்று ஓட்டுநரின் முகத்தில் படாதா? மூடிய வண்டிக்குள் இருமினால் முன்இருக்கைக்கு எட்டாதா?

ஆம்புலன்ஸ் வாங்க அள்ளித் தரும் வணிகப் பெருமக்களே! வண்டியோடு கடமை முடிந்துவிடவில்லை. ஓட்டுநருக்குப் பின்னே தடுப்பு, கையிருப்பில் என்-95 முகக்கவசம், இரண்டுக்கும் சேர்த்தே கொடுங்கள். தொண்டுக்கு ஓடிவரும் இளைஞர்களே! கவசமின்றி வண்டியில் ஏறாதீர்கள். காப்பாற்றப் போகிறவனும் ஒரு தாயின் பிள்ளைதான்.