குடும்பப் பெயர் இல்லாத குடும்பங்கள்

மதிப்பிற்குரிய வெளியுறவுத் துறை அமைச்சர் திரு. எஸ். ஜெய்சங்கர் அவர்களுக்கு,

உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எஸ்’ பற்றித்தான் இந்தக் கடிதம். திருச்சியில் பிறந்து, நாட்டின் பாதுகாப்புக் கொள்கையில் பெரிய பெயராக விளங்கிய கே. சுப்ரமணியம் உங்கள் தந்தையார் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் சகோதரர்களில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர் எஸ். விஜய் குமார், வரலாற்றாசிரியரோ உலகத்துக்கு சஞ்சய் சுப்ரமணியம். ஒரே வீட்டில் ஒருவருக்கு அப்பா இனிஷியல், இன்னொருவருக்கு அவரே சர்நேம். விஸ்வநாதன் ஆனந்தைச் சதுரங்க உலகம் ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறதே, அதுவும் அவருடைய அப்பா பெயரைத்தான்.

உங்களைப் போன்றவர்களுக்கு இது வேடிக்கையோடு போய்விடும். மகள் பிரசவத்துக்கும் பேரன் பட்டமளிப்புக்கும் மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு அப்படிப் போவதில்லை. அக்கம்பக்கத்தாருக்கு விசா படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சமீபத்தில் ஒரு மாமி வந்தார். பாஸ்போர்ட்டில் ‘கிவன் நேம்’ கட்டத்தில் அவர் பெயர், ‘சர்நேம்’ காலி. அமெரிக்காவின் டிஎஸ்-160 படிவமோ சர்நேம் இல்லாமல் நகராது. ஆகவே மாமியின் சொந்தப் பெயரைச் சர்நேமுக்குத் தள்ளிவிட்டு, காலியான இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போட வேண்டும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. படிவத்தின் குறிப்பே அப்படித்தான் போடச் சொல்கிறது. விசாவும் அப்படியே அச்சாகி வரும். “என் பேர் எனக்கே தெரியலைன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?” என்றார் மாமி. பதில் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனேன். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இது ஒரு சிரிப்பு. வேலைக்குப் போகும் பையன்களுக்கு ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டே வரும். அலுவலகத்தில் ‘மிஸ்டர் ஃப்னு’ என்று பெயர் வாங்கியவர்கள் உண்டு.

இறங்கிய இடத்தில் கேட்கும் கேள்விகளும் இதனோடு சேர்ந்தவைதான். ராமசாமியின் மகன் குமார், சர்நேம் ராமசாமி. மனைவி லதா கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்தவர், சர்நேம் சுந்தரம். குழந்தைக்குச் சர்நேம் குமார். கூட வரும் பாட்டிக்கு அந்த இடம் காலி. நாலு பேர், மூன்று சர்நேம், ஒரு வெற்றிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அதிகாரி, “இந்தக் குழந்தை உங்களுடையதா?” என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. குழந்தைக் கடத்தலைத் தடுக்க அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பதினைந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, பின்னால் வரிசை நெளிய, தமிழர் பெயரிடும் முறையை அரைகுறை ஆங்கிலத்தில் பாட்டி விளக்க வேண்டியிருக்கிறது.

இந்த வெற்றிடம் கவனக்குறைவால் வந்ததில்லை, ஐயா. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். தி.நகர் பாண்டி பஜாரின் ‘பாண்டி’ அவர்தான். அங்கே புடவை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம். பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்தே சாதியை எடுக்க உத்தரவு வந்தது. வால் அறுந்தது, மிஞ்சியது அப்பா பெயரும் நம் பெயரும். இப்போது விசா கட்டத்தை நிரப்புவதற்காகவே, தாத்தா உதறிய பட்டத்தைத் தேடி எடுத்துப் பேரனுக்கு ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். வேறு யாரோ அச்சடித்த படிவத்துக்காக அதைத் திரும்ப மாட்டிக்கொள்வது எனக்குச் சகிக்கவில்லை.

ஒற்றைப் பெயரைப் பாஸ்போர்ட் இயந்திரம் படிக்காது என்ற சாக்கும் செல்லாது. பாஸ்போர்ட்டுக்கு உலக அளவில் விதி வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303-ஆம் ஆவணம், ஒற்றைப் பெயர்க்காரர்களின் பெயரை எப்படிப் பதிவது என்று தெளிவாகவே சொல்கிறது. விதி இடம் கொடுத்தும், நாடுகளின் படிவங்களும் விமான டிக்கெட் தளங்களும்தான் கொடுக்க மறுக்கின்றன.

2022 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்ல, 21-ஆம் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில நாட்களிலேயே, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று இறங்கியும் வந்தார்கள். பேசினால் நடக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் அப்பா பெயரை உங்கள் துறைதானே அந்தப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது!

அதனால் கேட்கிறேன். அமீரகம் ஏற்றுக்கொண்டதை மற்ற நாடுகளும் ஏற்கும்படி உங்கள் தூதர்கள் பேச வேண்டும். முக்கியமாக, 2013 முதல் 2015 வரை நீங்களே தூதராக இருந்த வாஷிங்டனில். ‘தெரியவில்லை’ என்று எழுதும் இடத்தில் அப்பா பெயரை எழுத விட்டால் போதும்.

அதுவரை உங்கள் கையிலேயே இருப்பது ஒன்று. சாலிகிராமத்திலும் அமைந்தகரையிலும் தாம்பரத்திலும் உள்ள பாஸ்போர்ட் சேவா மையங்களில், சர்நேமைக் காலியாக விட்டால் பின்னால் என்ன வரும் என்று தமிழில் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். ஏற்கெனவே காலியாக விட்டவர்கள் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்க்க வந்தால், புதுப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், அவசரமென்றால் தத்காலுக்கு இன்னொரு 2,000 என்று வாங்காதீர்கள். பத்தாண்டு அமெரிக்க விசா பழைய புத்தகத்தில் பழைய பெயரில் இருக்க, இரண்டு புத்தகங்களையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தூக்கிக்கொண்டு அவர்கள் அலையப் போவது போதாதா?

இப்படிக்கு,
அப்பா பெயரை இனிஷியலாகக் கொண்ட
ஒரு மயிலாப்பூர்வாசி